பசி இல்லை என்றால் உணவு தேவையில்லையா?



காவேரிப்பாக்கத்தைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு எங்கள் மருத்துவக் குழு செல்லும்போது, பாட்டிமார்களிடம் அடிக்கடி கேட்கும் வார்த்தை ஒன்று உண்டு: "பிள்ளைக்கு வயித்தால போவுது, பசியும் இல்ல. அதான் ரெண்டு நாளா ஒண்ணும் குடுக்கல." அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள். வயிற்றுக்கு ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அது ஏன் ஆபத்தானது என்று அறிய, பசி எப்படி உண்டாகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

தமிழகத்தின் பெரிய ஏரிகளுள் ஒன்றான காவேரிப்பாக்கம் ஏரியின் நீர், மதகு வழியாக அளவோடு இறங்கி வயலுக்குப் பாய்கிறது. நம் வயிறும் ஏறக்குறைய அப்படித்தான். மென்று விழுங்கிய உணவு சில விநாடிகளில் இரைப்பையை அடைகிறது. அங்கே அமிலத்தோடு கலந்து கூழாகி, சில மணி நேரத்தில் சிறிது சிறிதாகச் சிறுகுடலுக்குள் இறங்குகிறது. இரைப்பையின் அடிவாயிலுள்ள தசை வளையமே மதகு. சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலே வயல். அதன் உட்சுவரில் லட்சக்கணக்கான நுண்ணிய குடலுறிஞ்சிகள் நாற்றுப்போல் நெருங்கி நின்று சத்தை உறிஞ்சுகின்றன. நாம் குடிப்பதும் உடலே சுரப்பதுமாக நாளொன்றுக்கு ஏறக்குறைய 9 லிட்டர் திரவம் குடலுக்குள் வருகிறது. மலத்தோடு வெளியேறுவது அதில் மிகச் சிறிய பங்கே.

வயிறு காலியானதும் இரைப்பை 'கிரெலின்' என்ற ஹார்மோனைச் சுரந்து, மூளைக்குப் பசியை அறிவிக்கிறது. இதை 1999-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். உணவு சிறுகுடலை எட்டியதும் வேறு ஹார்மோன்கள் மதகை இறுக்கி, 'போதும்' என்று மூளைக்குச் சொல்கின்றன. இந்தச் செய்தி மூளையில் பதியச் சுமார் 20 நிமிடங்கள் ஆகும். அவசரமாகச் சாப்பிடுகிறவர்கள் அளவுக்கு மிஞ்சி உண்பதற்கு இதுவும் ஒரு காரணம். உடலின் கொழுப்புக் கையிருப்பைத் தெரிவிப்பது, 1994-ல் கண்டறியப்பட்ட 'லெப்டின்'.

ஆனால் நோய்க்கிருமி தொற்றும்போது, அதை எதிர்க்க உடல் சுரக்கும் சில இரசாயனங்கள் பசி உணர்வை அடக்கிவிடுகின்றன. வயல் காய்ந்து கிடக்கிறது. தண்ணீர் கேட்டு ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் துன்பத்தை நம் பகுதி பெரிய அளவில் கண்டதுண்டு. 1960-களின் தொடக்கத்தில், காவேரிப்பாக்கமும் சேர்ந்திருந்த அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தின் பல கிராமங்களில் 'டிராபிகல் ஸ்புரூ' என்ற குடல் நோய் கொள்ளைநோயாகப் பரவியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் செல்வின் பேக்கர், டாக்டர் வி. ஐ. மாத்தன் ஆகியோர் அதை ஆராய்ந்தார்கள். நோயாளிகளின் குடலுறிஞ்சிகள் மழுங்கிப் போயிருந்தன. வயிற்றுப்போக்கோடு பசியும் அற்றுப்போனது. உண்ட கொஞ்சமும் உடலில் ஒட்டவில்லை. எடை குறைந்து இரத்தசோகை வந்தது. இழந்த நீரையும் சத்தையும், குறிப்பாக ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றையும் ஈடுசெய்வது சிகிச்சையின் முக்கியப் பகுதியாயிற்று. இன்று அந்நோய் அரிது. அது கற்பித்த பாடம் பழையதாகவில்லை.

குடலின் உட்பூச்சு சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அதற்குச் சத்து வேண்டும். பட்டினி போட்டால் குடல் ஆறத் தாமதமாகும், பிள்ளை இளைக்கும், அடுத்த வயிற்றுப்போக்கு இன்னும் கடுமையாகத் தாக்கும்.

எனவே வயிற்றுப்போக்கின்போது தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் குறிப்பிட்டுள்ள அளவு சுத்தமான நீரில் கரைத்து அடிக்கடி கொடுக்க வேண்டும். துத்தநாக மாத்திரையை மருத்துவர் சொல்லும் நாட்கள் முழுவதும் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் கடந்த பிள்ளைகளுக்குக் குழைந்த பருப்புச் சாதம், இட்லி, வாழைப்பழம் ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை ஊட்டலாம். கண்கள் குழிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, பிள்ளை குடிக்க முடியாமல் துவண்டாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். பெரியவர்களுக்கும் வாரக்கணக்கில் பசியின்றி எடை குறைந்தால் பரிசோதனை அவசியம்.

இவ்வாறு நாங்கள் சொல்லி அனுப்பிய ஒரு பாட்டி, ஐந்தாம் நாள் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். "ராத்திரியெல்லாம் சோறு கேட்டு அழுவுறான் டாக்டரம்மா" என்று குறைபட்டுக்கொண்டார். நாங்கள் கேட்க விரும்பிய குறை அதுவே.