களைத்துப்போனவரைச் சோம்பேறி என்று சொல்லலாமா?

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து ஜமாஅத்தார் கலைந்துவிட்டார்கள். பின் வரிசையில் தூணில் சாய்ந்தபடியே ஒருவர் உறங்கிக்கொண்டிருந்தார். மோதினார் எழுப்பப் போனபோது, வேண்டாம் என்று நாம் கை காட்டினோம். அஸர் பாங்கு சத்தம் கேட்டுத்தான் அவர் விழித்தார். ஏதோ தவறு செய்துவிட்டவரைப் போல எங்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

எண்ணூர் பக்கமிருந்து துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிச் செல்லும் டிரெய்லர் ஓட்டுநர் அவர். வயது நாற்பதைத் தொடவில்லை. "தூக்கம் வர்றது பிரச்சினை இல்ல ஹஜ்ரத். தூங்கி எழுந்தாலும் அப்படியேதான் இருக்கு. வண்டியப் பார்த்தாலே வெறுப்பா வருது. வீட்டுல பிள்ளைங்க ஏதாச்சும் கேட்டாலே எரிஞ்சு விழறேன். கொஞ்ச நாள் வண்டிய விட்டுட்டு இருக்கலாமான்னு கேட்டா, உனக்குச் சோம்பல் ஏறிப்போச்சுன்னு அத்தா சொல்றாங்க" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதிலிருந்தே இதை எழுத வேண்டும் என்றிருந்தோம். உழைப்பைப் புகழ்ந்து நாம் எத்தனையோ பயான்கள் செய்திருக்கிறோம். தன் கையால் உழைத்து உண்ணும் உணவே சிறந்தது என்ற ஹதீஸ் இங்கே சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். உழைத்து உழைத்து உள்ளே எதுவும் மிஞ்சாமல் போனவரைப் பற்றி எத்தனை பயான் செய்தோம் என்று எண்ணிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் அடிக்கடி கேட்டுவந்த ஒரு துஆவை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியில் பதிவாகியுள்ளது. அதில் இயலாமையிலிருந்தும் சோம்பலிலிருந்தும் பாதுகாப்புத் தேடினார்கள். அரபியில் ஒன்று 'அஜ்ஸ்', மற்றது 'கஸல்'. சக்தியே இல்லாமல் போவது முதலாவது. சக்தி இருந்தும் மனம் வராதது இரண்டாவது என்று ஹதீஸ் விளக்கவுரையாளர்கள் பிரித்துக் காட்டுகிறார்கள். நம் வீடுகளில் இந்த இரண்டுக்கும் ஒரே பெயர்தான்: சோம்பேறி.

இன்று 'பர்ன் அவுட்' என்று சொல்கிறார்களே, அது முதலாவதைச் சேர்ந்தது. பணியால் வரும் முழுச் சோர்வு. இந்தப் பெயரை மருத்துவ எழுத்துக்குள் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் சேவை செய்தவர்களிடமும் தன்னிடமும் கண்டதை வைத்து 1974ல் எழுதினார். ஆர்வமில்லாதவர்கள் அல்ல, ஆர்வத்தோடு வந்தவர்களே அங்கே அணைந்துபோனார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 2019ல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் இதை ஒரு நோயாக அல்லாமல், வேலையோடு தொடர்புடைய ஒரு நிலையாகச் சேர்த்தது. அது சொல்லும் அடையாளங்கள் மூன்று. உடலிலும் மனதிலும் சக்தி வற்றிப்போதல். வேலையின் மேல் வெறுப்பும் விலகலும். முன்பு செய்த வேலையை அதே தரத்தில் செய்ய முடியாமல் போதல். அந்த ஓட்டுநரிடம் முதல் இரண்டும் இருந்தன. மூன்றாவதையும் அவரே பிறகு சொன்னார்: பதினைந்து வருடமாக ஓட்டுகிறவருக்கு, பின்னால் எடுத்து நிறுத்துவது கைவராமல் போய் இரண்டு முறை இடித்துவிட்டாராம்.

மனச்சோர்வு நோய், ரத்தசோகை, தைராய்டு குறைவு, சர்க்கரை, குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்கக் கோளாறு ஆகியவையும் இதே முகத்தோடு வரக்கூடும். எனவே ஓய்வெடுத்தும் தீராத களைப்பு என்றால் முதலில் ஒரு மருத்துவரைப் பார்ப்பதே முறை. பிறகு ஓதிப் பார்க்கலாம். ஓதுவதை நாம் வேண்டாம் என்பவர் அல்ல.

நம் பகுதியின் வேலை

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆலைகள், நடுவில் கண்டெய்னர் லாரிகள். 1881லிருந்து இயங்கும் சென்னைத் துறைமுகம் ஒரு முனையில்; 2001ல் திறக்கப்பட்ட எண்ணூர் காமராஜர் துறைமுகம் மறுமுனையில். இடையில் டயர், வண்டி, உரம், அனல்மின் நிலையம், சற்று உள்ளே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு. துறைமுக வாசலுக்காக எக்ஸ்பிரஸ் சாலையில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் டிரெய்லர்களைப் பார்க்காதவர் இங்கே இல்லை. அந்த வரிசையில் நிற்கும் நேரம் ஓய்வு நேரம் அல்ல. வண்டி ஓர் அடி நகர்ந்தால் இவரும் நகர வேண்டும். அதைச் சம்பளத்துக்கான வேலையாகவும் பலர் கணக்கிடுவதில்லை. ஓட்டுநர் ஸ்டியரிங்கில் தலை வைத்துக் கண் அயர்வதைப் பார்த்து, நன்றாகத் தூங்கினான் என்று முதலாளி சொன்னால் என்ன செய்வது?

ஆலையில் வேறு விதம். இந்த வாரம் காலை, அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்த வாரம் இரவு. உடலுக்குள் இருக்கும் கடிகாரம் ஒரு ஷிப்டுக்குப் பழகுவதற்குள் ஷிப்ட் மாறிவிடும். ஒப்பந்தத் தொழிலாளி என்றால் ஒருநாள் வராவிட்டால் அன்றைய கூலி இல்லை. இதற்கு மேல் ஓவர்டைம். ஓவர்டைம் யார் கேட்கிறார்கள் என்று விசாரித்தால் பெரும்பாலும் கடன் இருப்பவர்கள்தான். தங்கைக்குக் கல்யாணம், வீட்டு அட்வான்ஸ், வண்டித் தவணை. நாம் மேலே சொன்ன துஆ எதில் முடிகிறது தெரியுமா? கடன் சுமையிலும், மனிதர்கள் நம்மை அடக்கி ஆள்வதிலும். இயலாமையும் கடனும் ஒரே துஆவில் வந்திருப்பதை ஓதும்போதெல்லாம் நினைக்கிறோம். ஆடம்பரக் கல்யாணத்துக்கு வாங்கிய கடனை அடைக்க ஓர் அண்ணன் மூன்று வருடம் இரவு ஷிப்ட் பார்க்கிறான் என்றால், அந்தக் களைப்பில் பிரியாணிக்கு எழுந்து நின்று பாராட்டிய நமக்கும் பங்குண்டு.

அளவுக்கு மிஞ்சிய நேர வேலை என்ன செய்யும் என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021ல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம்.

ஓய்வு நேரம் யாரும் தட்டில் வைத்துக் கொடுத்ததல்ல என்பதற்கு வடசென்னையே சாட்சி. பெரம்பூர் பி அண்ட் சி ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது அவர்களின் முதல் முறையீடுகளில் ஒன்று. ஓடிப்போய்ச் சாப்பிட்டுவிட்டு ஓடிவர வேண்டும். 1923ல் சிங்காரவேலர் இதே சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். 1948ன் தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி இடைவேளை, வாரத்தில் ஒருநாள் விடுமுறை, மிகை நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்றது. லாரி, பஸ் தொழிலாளர்களுக்கு 1961ல் தனிச் சட்டம் வந்தது. அதிலும் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணிதான் பொது வரம்பாக இருந்தது. காகிதத்தில் இருப்பதைச் சொல்கிறோம். சாலையில் இருப்பது நமக்கும் தெரியும்.

நூறு ஆண்டு கழித்து அந்த வரம்பும் ஆட்டம் கண்டது. 2023 ஏப்ரல் 21 அன்று, ஒரு நாளில் 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிவிடும் திருத்த மசோதா தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி மாறாது, நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுப்பு என்று அரசு விளக்கம் தந்தது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் ஏற்கவில்லை. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள். மே 1 அன்று மசோதா திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். மூன்று நாள் விடுப்பு நல்லதுதானே என்று அப்போது நம்மிடம் சிலர் கேட்டார்கள். அடுப்பு முன்னால் நிற்பவர்க்கு ஒன்பதாவது மணியும் பன்னிரண்டாவது மணியும் ஒன்றல்ல. இன்று இழந்த தூக்கத்தை வெள்ளிக்கிழமைக்குச் சேர்த்துவைக்க உடல் ஒன்றும் உண்டியல் இல்லை.

மார்க்கம் ஓய்வை எப்படிப் பார்க்கிறது

நம் மார்க்கத்தில் வேலையே செய்யக்கூடாத நாள் என்று ஒன்று இல்லை. ஜும்ஆ அழைப்பு வந்தால் வியாபாரத்தை விடச் சொல்லும் குர்ஆன், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவி அல்லாஹ்வின் அருளைத் தேடச் சொல்கிறது (62:9,10). இதை வைத்துக்கொண்டு இஸ்லாத்தில் ஓய்வுக்கு இடமில்லை என்று பேசுபவர்கள் உண்டு. உண்மை வேறு. ஓய்வை வாரத்துக்கு ஒருமுறை என்று ஒதுக்காமல் ஒவ்வொரு நாளுக்குள்ளும் வைத்திருக்கிறது. இரவை ஆடையாகவும் உறக்கத்தை இளைப்பாறுதலாகவும் பகலைப் பிழைப்புக்காகவும் ஆக்கியதாக 78ஆம் அத்தியாயம் தொடக்கத்திலேயே கூறுகிறது. பிள்ளைகளும் அனுமதி கேட்டுத்தான் அறைக்குள் வர வேண்டிய மூன்று நேரங்களைச் சொல்லும் 24:58, அதில் ஒன்றாக மதியம் ஆடை தளர்த்தி இருக்கும் நேரத்தைக் கூறுகிறது. ஸஹாபாக்கள் 'கைலூலா' என்ற மதிய உறக்கத்தை வெள்ளிக்கிழமையில் ஜும்ஆவுக்குப் பின் வைத்துக்கொண்டதாக ஸஹ்ல் (ரலி) அறிவிக்கிறார்கள். எனவே தூணில் சாய்ந்து உறங்கிய அந்த ஓட்டுநர் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியதே இல்லை.

ஆயத்துல் குர்ஸியை ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் ஓதுகிறோம். சிறு துயிலோ உறக்கமோ அண்டாதவன் என்று அதில் யாரைச் சொல்கிறோம்? களைக்காமல் இருப்பது அவனுடைய தன்மை. அதை அடியானிடம் எதிர்பார்ப்பதும், அடியான் தனக்கு இருப்பதாகக் காட்டிக்கொள்வதும் எப்படிச் சரியாகும்?

வணக்கத்திலேயே இந்த எல்லை இருக்கிறது. பள்ளியில் இரு தூண்களுக்கு நடுவே கட்டியிருந்த கயிற்றைப் பார்த்து நபி (ஸல்) விசாரித்தார்கள். தொழுது களைத்தால் ஸைனப் (ரலி) பிடித்துக்கொள்வதற்காக என்றார்கள். அதை அவிழ்த்துவிடச் சொல்லி, உற்சாகம் இருக்கும்வரை தொழட்டும், களைத்தால் உட்காரட்டும் என்றார்கள். தினமும் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்றிருந்த அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களிடம், உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் உரிமை உண்டு என்றார்கள். தொழுகைக்கே கயிறு கூடாது என்றால் ஓவர்டைமுக்கு?

இந்த இடத்தில் கடை முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. மண்ணடியிலும் எம்.சி. ரோட்டிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் பலர். ஊழியர்கள் உங்கள் சகோதரர்கள், தாங்க முடியாததைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்ற நபிமொழியை அபூதர் (ரலி) அறிவிக்கிறார்கள். கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ல் தமிழக அரசு சட்டத்திருத்தம் செய்தது. அதற்கு முன்பே ஒரு ஸ்டூல் போட்டிருக்க வேண்டியவர்கள் நாம். நிர்வாகிகள் கோபிக்க மாட்டார்கள் என்றால் இதையும் சொல்வோம்: வார விடுமுறையே இல்லாத இமாம்களும் மோதினார்களும் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள்.

மீள்வதற்கு

இரண்டு நாள் லீவு போட்டுப் படுத்தால் பர்ன் அவுட் போய்விடாது. திரும்பி அதே வரிசையில், அதே நேரத்துக்குப் போனால் பத்தே நாளில் திரும்ப வரும். எனவே வேலையில் ஏதாவது ஒன்று மாற வேண்டும். வாரத்தில் ஓர் ஓவர்டைம் குறையலாம், ஷிப்ட் மாறலாம், கொஞ்ச நாள் தூர லோடு தவிர்க்கலாம். மாத வருமானம் குறையும். அதனால் இது தனி மனிதர் எடுக்கும் முடிவல்ல. மனைவியும் பெற்றோரும் கூடி உட்கார்ந்து கணக்குப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு.

இரவு ஷிப்ட் பார்ப்பவரின் பகல் உறக்கம் நம் ஒற்றை அறை வீடுகளில் பெரும் சோதனை. ஜன்னலில் கனத்த துணி, மிக்ஸியை அவர் வருவதற்கு முன்பே ஓட்டிவிடுவது, பிள்ளைகள் மக்தபிலோ பாட்டி வீட்டிலோ இருக்கும் நேரத்தோடு உறக்கத்தைப் பொருத்துவது, ஷிப்ட் முடியும் தறுவாயில் டீயைத் தவிர்ப்பது. சிறிய விஷயங்கள்தான். இஷாவுக்குப் பிறகு வீண் பேச்சை நபி (ஸல்) வெறுத்தார்கள். இன்று அந்தப் பேச்சு செல்போனுக்குள் நடக்கிறது. ஓய்வு என்பது படுத்திருப்பது மட்டுமல்ல, மனம் வேலையிலிருந்து விலகுவது. லாரி ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவைத் திறந்துவைத்துக்கொண்டு படுத்தவர் இன்னும் வரிசையில்தான் நிற்கிறார். அவருடைய உறக்கத்தைக் காவல் காக்கும் மனைவிக்கு ஷிப்டே முடிவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். அவர் களைத்து உட்காரும்போது 'என்ன வேலை செய்து களைத்தாய்' என்று யாரும் கேட்க வேண்டாம்.

இ.எஸ்.ஐ. பிடிக்கப்படும் தொழிலாளர்கள், அதாவது மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள், ஒன்றை அறிந்திருப்பது நல்லது. தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்து மருத்துவர் சான்று தந்தால், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை சராசரிக் கூலியில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். நோய்க்குத்தான் இது; வெறும் அசதிக்கு அல்ல. ஆனால் அசதிக்குப் பின்னால் நோய் இருக்கிறதா என்று பார்க்காமலே பலர் இதை விட்டுவிடுகிறார்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒருநாளும் தள்ளிப்போட வேண்டாம். ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலிமானஸ் 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம்.

காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்கள் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று அரசு விதித்த தடை. அந்த நாட்களில் படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கிறார்கள், வலையைப் பின்னிச் சரிசெய்கிறார்கள். வருமானம் இல்லாத இரண்டு மாதம் கஷ்டமானதுதான். நிவாரணம் போதாது என்ற குரலும் ஆண்டுதோறும் கேட்கிறது. ஆனால் படகுக்குப் பழுது பார்க்கும் காலம் வேண்டும் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை.

அந்த ஓட்டுநரின் அத்தாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை மக்ரிபுக்குப் பின் சந்தித்தோம். அவரும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். "நாங்க எல்லாம் ஓய்வு கேட்டோமா?" என்றார். கேட்கவில்லை என்றோம். ஐம்பது வயதில் அவருடைய முதுகு என்ன ஆனது என்று அவரே பிறகு சொன்னார். மகனுக்குப் பரிசோதனையில் சர்க்கரை இருப்பது தெரிந்தது. இப்போது வாரத்தில் நான்கு நடைதான் ஓட்டுகிறார். தவணையில் ஒரு பங்கைத் தம்பி கட்டுகிறான். போன வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் அதே தூணோரம் படுத்துக்கொண்டார், இந்த முறை தலைக்குத் துண்டை மடித்து வைத்து.