லடாக் குளிரில் உரியும் கான்கிரீட்: மேல்பூச்சு நிலைக்காதது ஏன்?

கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே போன்ற இடங்களில், வீட்டுப் படிகளிலும் மொட்டைமாடி விளிம்புகளிலும் கான்கிரீட் செதில் செதிலாக உரிவது குளிர்காலம் விட்டுச்செல்லும் பாதிப்புகளில் ஒன்று. அதன்மீது மெல்லிய சிமெண்ட் பூச்சு பூசி மறைப்பது எளிய வழியாகத் தோன்றும். ஆனால், அந்தப் பூச்சு பெரும்பாலும் அடுத்த குளிர்காலத்தைத் தாண்டுவதில்லை.

உண்மையான காரணம் குளிர் மட்டுமல்ல, நீரும்தான். கான்கிரீட்டின் நுண்துளைகளில் புகுந்த நீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் அதிகரிக்கிறது. விரிவதற்கு இடமில்லாத நிலையில், அது உள்ளிருந்து அழுத்தி மேற்பரப்பை உடைக்கிறது. பகல் வெயிலில் உருகும் பனிநீர் இரவில் மீண்டும் உறைகிறது. மாதக்கணக்கில் உறைந்தே கிடப்பதைவிட, இவ்வாறு அன்றாடம் உறைந்து உருகுவதே அதிகச் சேதம் விளைவிக்கும். லடாக்கில் மழை மிகக் குறைவு என்றாலும், தண்ணீர்த் தொட்டியின் அடிப்பகுதி, வடிகால் ஓரம், பனி குவியும் படி ஆகியவை ஈரமாகவே இருக்கின்றன. பனியை உருக்க உப்பு தூவினால் பாதிப்பு மேலும் கடுமையாகும்.

எனவே, முதலில் நீர் தேங்காதவாறு சரிவு அமைக்க வேண்டும். அதன்பின், பழுதுபார்ப்பில் பெரும்பகுதி உழைப்பு உடைத்து நீக்குவதற்கே தேவைப்படும். சுத்தியலால் தட்டினால் உறுதியான பகுதி கணீரென ஒலிக்கும்; பிடிப்பு விட்ட பகுதி உள்ளீடற்ற ஓசை தரும். அதனை முழுவதும் கொத்தி எடுக்க வேண்டும். ஓரங்களைச் செங்குத்தாக வெட்டுவது அவசியம். மெலிந்த ஓரமே முதலில் பெயரும். கம்பி தெரிந்தால் துருவை அகற்ற வேண்டும். தூசி நீக்கி ஈரப்படுத்திய பரப்பில், மேலே நீர் நிற்காத நிலையில், பாலிமர் கலந்த பழுதுபார்ப்புக் கலவையை அழுத்தி நிரப்பலாம். வேலை எளிதாக வேண்டும் என்று கலவையில் கூடுதல் தண்ணீர் ஊற்றுவது, உறைபனிக்குக் கூடுதல் துளைகளை அமைத்துக் கொடுப்பதாகும்.

வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும்போது நடைபெறும் பணியை, இந்தியத் தர நிர்ணய அமைவனம் குளிர்காலக் கான்கிரீட் பணியாகக் கருதுகிறது. கலவை வலுப்பெறும் முன் உறைந்தால், செய்த வேலை முழுவதும் வீணாகிவிடும். கோடை மாதங்களே ஏற்றவை. அப்போதும் இரவில் வைக்கோலும் தார்ப்பாயும் கொண்டு மூடுவது நல்லது. அந்தக் குறுகிய பருவத்தைத் தவறான பூச்சில் செலவிடும் குடும்பம், அடுத்த கோடை வரை காத்திருக்க நேரிடும்.

பெயர்த்துவிட்டுப் புதிதாகவே கான்கிரீட் போடுவோருக்கு இன்னொரு வழியும் உண்டு. காற்றுக்குமிழிகளை உருவாக்கும் வேதிப்பொருளைக் கலவையில் சேர்த்தால், உறையும் நீர் விரிய அந்தக் குமிழிகள் இடமளிக்கும். ஈரமும் உறைபனியும் உள்ள இடங்களில், எம்50 தரத்துக்குக் குறைந்த கான்கிரீட்டில் 20 மில்லிமீட்டர் ஜல்லி பயன்படுத்தினால், காற்றின் அளவு சுமார் 5 சதவீதம் இருக்க வேண்டும் என ஐ.எஸ். 456 தரநிலை குறிப்பிடுகிறது.