தாய்வீட்டுக்குப் போகும்போது அட்டையும் போகட்டும்



முதல் பிரசவம் என்றால் ஏழாம் மாதத்தில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது நம் வழக்கம். துணிமணி, பலகாரம் எல்லாம் போகும். பரிசோதனை விவரம் எழுதிய தாய் சேய் நல அட்டை மட்டும் மாமியார் வீட்டு பீரோவில் தங்கிவிடும். புது ஊரில் எந்த ஆஸ்பத்திரி என்று பேசி முடிப்பதற்குள் மூன்று நான்கு வாரம் ஓடிவிடும். ப்ரீ-எக்ளாம்சியா பெரும்பாலும் தலைகாட்டுவது அந்தக் கடைசி மாதங்களில்தான்.

கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் ஏறும். பெரும்பாலும் சிறுநீரில் புரதமும் போகும். பேச்சு வழக்கில் ‘உப்பு இருக்கு’ என்பது இந்தப் புரதத்தைத்தான், சமையல் உப்பை அல்ல. நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சரியாக அமையாததில் தொடங்கி, தாயின் சிறுநீரகம், கல்லீரல், மூளை வரை பாதிக்கிறது. கண்ணேறும் இல்லை, மருமகள் செய்த தவறும் இல்லை. ஆரம்பத்தில் அவளுக்கு ஒன்றும் தெரியாது. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

கால் வீக்கம் பல கர்ப்பிணிகளுக்கு வருவதுதான். ஆனால் முகமும் கையும் திடீரென வீங்கினால், விடாத தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி, மூச்சுத்திணறல் இருந்தால், பார்லித் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். இரவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும். இதைத்தான் பெரியவர்கள் ஜன்னி என்றார்கள். சிலர் ஜின் என்று பயந்து, ஓதிப் பார்க்க ஆள் தேடி நேரத்தை இழக்கிறார்கள். துஆ செய்யுங்கள், 108 ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டே செய்யுங்கள். இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் மக்னீசியம் சல்பேட் ஊசி போடுவார்கள். 33 நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், இந்த மருந்து வலிப்பு வரும் ஆபத்தைப் பாதிக்கும் மேல் குறைத்தது.

நோய் தணியக் குழந்தை பிறக்க வேண்டும். அதனால் மருத்துவர் முன்கூட்டியே பிரசவம் பார்க்கச் சொன்னால், “இன்னும் நாள் இருக்கே” என்று சண்டை போடாதீர்கள். பிரசவமான பிறகும் ஆறு வாரம் வரை இது வரலாம். நாற்பது நாளுக்குள் கடும் தலைவலி என்றால் தூக்கமில்லாததால்தான் என்று விட்டுவிடக் கூடாது.

முதல் கர்ப்பம், இரட்டைக் குழந்தை, சர்க்கரை, ஏற்கெனவே ரத்த அழுத்தம், முந்தைய பிரசவத்தில் இதே தொல்லை இருந்தால் மூன்றாம் மாதத்திலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவார். நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ரத்த அழுத்தமும் சிறுநீரும் இலவசமாகப் பார்க்கிறார்கள். மாதந்தோறும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்குத் தனி முகாமும் உண்டு. நம் ஏனாத்தூரிலேயே மீனாட்சி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது; காஞ்சிபுரத்தில் அரசு தலைமை மருத்துவமனை. தாய்வீடு வெளியூர் என்றால், போன வாரத்திலேயே அங்குள்ள சுகாதார நிலையத்தில் அட்டையைக் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள்.