நீரிழிவு இருந்தால் புண் ஏன் ஆறுவதில்லை? ஒரு நொதியும் காரணம்

"கால்ல சின்னப் புண்ணுதான்... ஆறவே மாட்டேங்குது."

வீட்டில் பெரியவர்கள் யாராவது இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அவர்களுக்கு நீரிழிவு இருந்தால் அதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள்.

சிங்கப்பூரில் 400,000க்கும் அதிகமானோர் நீரிழிவுடன் வாழ்கின்றனர். இந்தியர்களிடையே அந்நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆறாத புண் முற்றினால் விரலையோ காலையோ அகற்றவேண்டிய நிலைகூட வரலாம்.

ரத்த ஓட்டம் குறைவது, நரம்புகள் மரத்துப்போவது, கிருமித்தொற்று ஆகியவை பலருக்கும் தெரிந்த காரணங்கள். அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு. அதன் பெயர் எம்எம்பி-9.

அது என்ன?

எம்எம்பி என்பது ஒரு நொதிக் குடும்பம், அதாவது என்சைம். 1962ஆம் ஆண்டு தவளைக்குஞ்சின் வாலை ஆராய்ந்தபோது அந்தக் குடும்பத்தின் முதல் நொதி தெரியவந்தது. தவளையாக மாறும்போது வால் எப்படி மறைகிறது? அந்த நொதி வாலில் உள்ள கொலாஜன் எனும் புரதத்தைக் கரைத்துவிடுகிறது!

நம் சருமத்துக்கு உறுதி தருவதும் கொலாஜன்தான்.

காயத்தில் அதற்கு என்ன வேலை?

வீட்டைப் புதுப்பிப்பதை நினைத்துப் பாருங்கள். முதலில் பழைய சுவரை இடிக்கவேண்டும். பிறகுதான் புதிய சுவர். காயத்தில் சேதமடைந்த திசுவை இடித்து அகற்றுவது எம்எம்பி நொதிகள். வேலை முடிந்ததும் உடலே அவற்றை அடக்கிவிடும்.

நீரிழிவில் என்ன நடக்கிறது?

ரத்தத்தில் சர்க்கரை நீண்டகாலம் கூடுதலாக இருந்தால் காயத்தில் அழற்சி தணிவதில்லை. எம்எம்பி-9 தொடர்ந்து சுரக்கிறது. அதை அடக்கும் புரதங்களோ போதவில்லை.

இடிப்பவர் வேலையை நிறுத்தவே இல்லை! புதிதாகக் கட்டும் கொலாஜனும் சிதைகிறது. செல்களை வளரத் தூண்டும் புரதங்களும் சிதைகின்றன. புண் அப்படியே நிற்கிறது.

அப்படியென்றால் எல்லா எம்எம்பியையும் தடுத்துவிடலாமா?

கூடாது. அதே குடும்பத்தைச் சேர்ந்த எம்எம்பி-8 புண் ஆற உதவுகிறது. அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீரிழிவு உள்ள எலிகளிடம் அதைக் கண்டறிந்தனர். எம்எம்பி-9ஐ மட்டும் தடுத்தபோது எலிகளின் புண் விரைவாக ஆறியது.

மனிதர்களுக்கு?

எம்எம்பி நொதிகளைக் கட்டுப்படுத்தும் சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட் கலந்த கட்டுத்துணி ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. ஐரோப்பாவில் 240 நோயாளிகளிடம் அது சோதிக்கப்பட்டது. முடிவு 2018இல் வெளியானது. 20 வாரத்தில் அதைப் பயன்படுத்தியோரில் 48 விழுக்காட்டினருக்குப் புண் முழுதாக மூடியது. சாதாரணக் கட்டுத்துணி போட்டவர்களில் அது 30 விழுக்காடு.

ஆனால் அது எல்லாப் புண்ணுக்கும் பொருந்தாது. எதைப் போடுவது என்பதை மருத்துவர்தான் முடிவுசெய்யவேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

- வீட்டில் நீரிழிவு உள்ளவரின் பாதங்களைத் தினமும் பாருங்கள். விரல் இடுக்குகளையும் மறக்கவேண்டாம். மரத்துப்போன காலில் புண் வந்தால் அவருக்கே வலி தெரியாது.

- வெறுங்காலில் நடக்கவேண்டாம் என்று சொல்லுங்கள்.

- ஆண்டுக்கு ஒருமுறையாவது பாதப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

- புண்ணைக் கண்டால் "தானா ஆறிடும்" என்று காத்திருக்கவேண்டாம். பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ சீக்கிரம் செல்லுங்கள். சிவந்து வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, விரல் கறுத்தாலோ அன்றே செல்லுங்கள்.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பது புண் ஆறவும் கைகொடுக்கும்.