மாடு, நாய் குறுக்கே வந்தால் கார் தானாக பிரேக் போடுமா? 'அடாஸ்' எதைப் பார்க்கும், எதைத் தவறவிடும்?

"முன்னாடி ஏதாவது வந்தா காரே பிரேக் போட்டுடும் சார்." அடாஸ் வசதி உள்ள காரை வாங்கப் போனால் ஷோரூமில் இப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அந்த 'ஏதாவது' என்ற வார்த்தையில்தான் சிக்கலே இருக்கிறது. நம்ம ஊர் சாலையில் திடீரென குறுக்கே வருவது பெரும்பாலும் மாடு, நாய், ஆடு. இவற்றை காருக்கு அடையாளம் தெரியுமா?

கார் எப்படிப் பார்க்கிறது?

தானியங்கி அவசர பிரேக் பெரும்பாலும் இரண்டு கருவிகளை நம்பி இயங்குகிறது. ஒன்று கண்ணாடியின் மேல்பக்கம் இருக்கும் கேமரா. இன்னொன்று பம்பர் பகுதியில் இருக்கும் ரேடார்.

ரேடார், முன்னால் இருக்கும் பொருளின் தூரத்தையும் வேகத்தையும் அளக்கும். உலோகத்தில் பட்டால் சிக்னல் பலமாகத் திரும்பி வரும். உயிருள்ள உடலில் பட்டால் பலவீனமாகத்தான் வரும். 'அது என்ன?' என்று கண்டுபிடிப்பது கேமராவின் வேலை. கார், லாரி, பைக், மனிதர் என லட்சக்கணக்கான படங்களைக் காட்டி அதற்குப் பயிற்சி கொடுத்திருப்பார்கள். பயிற்சியில் இல்லாத உருவம் வந்தால் அது குழம்பும்.

விலங்குகளிடம் மட்டும் ஏன் தடுமாற்றம்?

மனிதர் எந்தப் பக்கம் திரும்பினாலும் உருவம் பெரிதாக மாறாது. மாடு அப்படியில்லை. பக்கவாட்டில் ஒரு உருவம், நேராக நின்றால் இன்னொன்று, நடுரோட்டில் படுத்துவிட்டால் வேறொன்று. நாய் இன்னும் கஷ்டம். உயரம் குறைவு, வேகம் அதிகம், எந்தப் பக்கம் ஓடும் என்று கணிக்க முடியாது.

அப்படியானால் எதைப் பார்த்தாலும் பிரேக் போடும்படி செய்யலாமே? அதுவும் ஆபத்து. பறக்கும் பிளாஸ்டிக் கவருக்கெல்லாம் கார் சடன் பிரேக் போட்டால், பின்னால் வரும் லாரி நம் மீது மோதும். அதனால், உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே முழு பிரேக் போடும் வகையில் இதை வடிவமைக்கிறார்கள்.

வால்வோவை குழப்பிய கங்காரு

ஸ்வீடன் சாலைகளில் 'மூஸ்' எனும் பெரிய மான் பெரிய ஆபத்து. கால்கள் நீளம் என்பதால் கார் மோதியதும் அதன் உடல் நேராக முன்பக்கக் கண்ணாடியில் வந்து விழும். இதற்காகவே வால்வோ நிறுவனம் 2016-ல் விற்பனைக்கு வந்த எஸ்90 காரில், மூஸ், மான், குதிரை போன்ற பெரிய விலங்குகளைக் கண்டறியும் வசதியைக் கொடுத்தது.

அதே தொழில்நுட்பம் ஆஸ்திரேலியாவில் திணறியது. விலங்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை, தரையை வைத்துத்தான் அந்த சிஸ்டம் கணக்கிட்டது. கங்காரு துள்ளி அந்தரத்தில் இருக்கும்போது தூரத்தில் இருப்பதாகவும், தரையைத் தொடும்போது பக்கத்தில் வந்துவிட்டதாகவும் காட்டியது. 2017-ல் வால்வோவே இந்தப் பிரச்சினையை வெளிப்படையாகச் சொன்னது.

ஸ்வீடன் மானைக் கற்ற காருக்கு கங்காரு புரியவில்லை. எருமைக்கும் தெருநாய்க்கும் இதே கதைதான்!

ஸ்டார் ரேட்டிங் இருந்தால் போதுமா?

போதாது. யூரோ என்கேப் அமைப்பு அவசர பிரேக்கை கார், பாதசாரி, சைக்கிள், பைக் ஆகியவற்றை வைத்துத்தான் சோதிக்கிறது. அதில் மாடும் இல்லை, நாயும் இல்லை. பல கார்களின் ஓனர் மேனுவலிலும் 'விலங்குகளைக் கண்டறியாமல் போகலாம்' என்ற எச்சரிக்கை இருக்கும். நாம்தான் படிப்பதில்லை.

இரவில் நிலைமை இன்னும் மோசம். பாதசாரிகளைக் கண்டறியும் பிரேக் குறித்து அமெரிக்காவின் ஐஐஹெச்எஸ் 2022-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. இந்த வசதி பாதசாரி விபத்துகளை 27 சதவீதம் குறைத்தது. ஆனால் தெருவிளக்கு இல்லாத இருட்டில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நன்றாகப் பழகிய மனித உருவத்துக்கே இந்த நிலை என்றால், கறுப்பு எருமைக்கு?

உடல் சூட்டை வைத்து விலங்குகளைக் கண்டறியும் இரவுப் பார்வை கேமராவும் உண்டு. மெர்சிடிஸ், பிஎம்டபிள்யூ போன்ற நிறுவனங்களின் விலை உயர்ந்த கார்களில் 2013-லேயே அது வந்துவிட்டது. சாதாரண பட்ஜெட் கார்களுக்கு இன்னும் எட்டவில்லை.

டிரைவர் என்ன செய்யணும்?

* வேகத்தைக் குறையுங்கள்: 100 கி.மீ. வேகத்தில் கார் ஒரு விநாடியில் சுமார் 28 மீட்டர் ஓடிவிடும். லோ பீம் வெளிச்சத்தில் தெரியும் தூரத்தில் பாதி, நீங்கள் சுதாரிப்பதற்குள்ளேயே போய்விடும்.
* எதிரே வண்டி இல்லாதபோது ஹை பீம் போடுங்கள்.
* விலங்கு வந்தால் ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பாதீர்கள். கார் கவிழலாம், எதிர் வண்டியில் மோதலாம். நேராகப் பிடித்தபடி பிரேக்கை அழுத்துங்கள்.
* ஒரு மாடு கடந்துவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். பின்னாலேயே கன்று வரலாம்.
* கேமரா இருக்கும் இடத்தையும் பம்பரையும் சுத்தமாக வையுங்கள்.

அடாஸ் நல்ல துணைதான், சந்தேகமில்லை. முன்னால் போகும் கார் திடீரென நின்றால் அது உங்களைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். ஆனால் ராத்திரி பைபாஸில் மாடு நின்றால், அதை முதலில் பார்க்க வேண்டியது உங்கள் கண்தான். பீப் சத்தம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.