கரையில் நின்று படகோட்டம் பார்த்தல்



மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் கிழக்குப் புறத்தை எழுவான்கரை என்றும், மேற்குப் புறத்தைப் படுவான்கரை என்றும் வழங்குவர். ஞாயிறு எழும் பக்கம் ஒன்று. படும் பக்கம் மற்றொன்று. படுவான்கரையிலே, தான்தோன்றீசுவரர் திருக்கோயிலாற் பெயர்பெற்ற கொக்கட்டிச்சோலையில் வாழ்வோர் எழுவான்கரைக்குச் செல்ல, நெடுங்காலமாக மண்முனைத் துறையிலே நீரைக் கடந்தனர். முன்னாளிலே தோணி, பின்னாளிலே ‘பாதை’ என்று அவ்வூரார் அழைக்கும் மிதவை. 2014ஆம் ஆண்டு யப்பானிய உதவியுடன் அத்துறையிலே பாலம் திறக்கப்பட்டது. நோயாளிக்கும் மாணவனுக்கும் நெல் கொண்டுசெல்லும் உழவனுக்கும் அது பெரும் நன்மை; அதில் ஐயமில்லை. ஆயினும், துறை ஓய்ந்தபொழுது ஒரு கைத்திறனும் ஓயத் தலைப்படுகிறது. மீன்பிடிப்போர் ஒழிந்த ஏனையோருக்குத் துடுப்பு இனி வாழ்க்கைத் தேவையன்று.

தேவை நீங்கிய திறன் நிலைப்பதற்கு ஒரு வழி உண்டு, அது போட்டி. விழா நாட்களிலே வாவியில் தோணியோட்டம் நடைபெறுவது நாம் அறிந்ததே. ஆனால் ஒரு போட்டி செழிப்பதற்கு ஓட்டுவோர் மட்டும் போதாது. பார்க்கத் தெரிந்தவர்களும் வேண்டும். கரையிலே நிற்பவர் எதனைக் கவனித்தல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

படகோட்டம் இருவகைப்படும். துடுப்பைக் கையிலேயே தாங்கி, போகும் திசையை நோக்கி அமர்ந்து வலித்தல் ஒருவகை. நமது தோணியும், கேரளத்துச் சுண்டன் வள்ளமும் இவ்வகையின. 1952ஆம் ஆண்டு ஆலப்புழைக்கு வந்த பிரதமர் நேரு கண்டு மகிழ்ந்த ஓட்டமே இன்று அவர் பெயரால் நடைபெறுகிறது. நூறடிக்கும் மேற்பட்ட நீளமுள்ள ஒவ்வொரு வள்ளத்திலும் நூறுபேர் அளவில் அமர்ந்து, பாட்டின் தாளத்துக்கு வலிப்பர். மற்றொரு வகை, தண்டினைப் படகின் விளிம்பிலே பொருத்தி, போகும் திசைக்கு முதுகைக் காட்டி வலிப்பது. சென்னை அடையாற்றங்கரையில் 1867இல் தோன்றிய படகுக் கழகமும், கொழும்பில் 1864இல் தோன்றிய கழகமும் 1898 முதல் நடத்திவரும் போட்டி இவ்வகையைச் சேர்ந்தது. பாக்கு நீரிணையின் இருபுறத்தாரும் நூறாண்டுக்கும் மேலாக இவ்வாறு மாறிமாறி விருந்தினராயும் எதிரிகளாயும் இருந்து வருகின்றனர்.

இரண்டாம் வகையிலே வியப்பான செய்தி ஒன்றுண்டு. முன்னே செல்பவன் பின்னே வருபவனைக் கண்ணாற் காண்கிறான்; பின்தங்கியவனோ தன் எதிரியைக் காண்பதில்லை. ஆதலால் தொடக்கத்திலேயே முந்திவிட வேண்டும் என்ற ஆசை எழுகிறது. அனுபவமற்ற அணிகள் பெரும்பாலும் இங்கேதான் கெடுகின்றன. காரணம் கணக்கிலே உள்ளது. படகின் வேகம் கூடக்கூட அதற்கு வேண்டிய ஆற்றல் பன்மடங்காகக் கூடும். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு உயர்த்த, ஆற்றலை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயர்த்த வேண்டும். முதல் நிமிடத்திலே செலவழித்த மூச்சுக்குக் கடைசி நிமிடத்திலே வட்டி கட்ட வேண்டியதாகிறது.

ஒலிம்பிக் ஓட்டத்தின் தூரம் 2000 மீட்டர். எண்மர் வலிக்கும் சிறந்த படகு அதனை ஐந்தரை நிமிட அளவிற் கடந்துவிடும். அதற்குள் இருநூறு தடவைக்கு மேல் தண்டு நீரில் விழும். கையிலே கடிகாரம் இருந்தால், பதினைந்து விநாடிகளில் எத்தனை தடவை வலிக்கின்றனர் என எண்ணி, நான்கால் பெருக்கிப் பாருங்கள். புறப்படும்போது நாற்பதுக்கு மேல் இருக்கும். நடுவழியில் முப்பத்தாறளவிற்குத் தணியும். முடிவிலே மீண்டும் ஏறும். இரு படகுகள் சமமாகச் செல்லும்போது, குறைந்த எண்ணிக்கையில் வலிக்கும் அணியை நம்பலாம். அவர்களிடம் இன்னும் கையிருப்பு உண்டு.

எண்ணிக்கையினும் சிறந்த சான்று நீரிலே எழுதப்படுகிறது. தண்டு விட்டகன்ற இடத்திலே ஒரு சுழி தோன்றும். ஒரு சுழிக்கும் அடுத்த சுழிக்கும் உள்ள இடைவெளியே ஒரு வலிப்பிலே படகு ஓடிய தூரம். அணி களைக்கும்போது, ஆரவாரம் குறையுமுன்பே இந்த இடைவெளி குறுகும்.

அடுத்து ஒற்றுமை. தேர் வடத்தைப் பலர் இழுக்கின்றோம். ஒருவர் சற்று முந்தினாலும் பிந்தினாலும் தேர் நகரும். படகு அத்தகையதன்று. ஒருவன் அரை நொடி பிந்தினால், அவனுடைய தண்டு மற்றவர்கள் ஓட்டும் படகுக்குத் தடையாகிவிடும். ஊரிலேயே வலிமை மிக்க எண்மரைச் சேர்த்த அணி, ஆண்டு முழுவதும் ஒன்றாகப் பழகிய நடுத்தர வலிமையுடையோரிடம் தோற்பதன் மருமம் இதுவே. பிற்புறத்தில் அமர்ந்து, ஏனையோருக்குத் தாளம் வகுப்பவனைப் பாருங்கள். அவன் முகம் பதறாதிருந்தால் அணியும் பதறாது. வானொலி நேயர்களாகிய உங்களுக்கு இதைச் செவியாலும் அறிதல் கூடும்: நல்ல அணியின் எட்டுத் தண்டுகளும் நீரிற் புகும்போது ஒரே ஓசை எழும், சிதறிய அணியிலோ ஓசையும் சிதறும்.

நகரும் இருக்கையுள்ள படகிலே பெரும்பங்கு வேலையைச் செய்வன கால்களே. வலித்து முடித்தவர்கள் மீண்டும் பிற்புறம் நகரும்போதுதான் படகின் உடல் மிகு விரைவோடு முன்னே வழுக்கிச் செல்கிறது. அந்நேரத்தில் அவசரப்பட்டுத் துள்ளுபவன் ஓட்டத்தைக் கெடுக்கிறான். வலிக்கும் கலையிலே பாதி, வலியாதிருக்கும் கணத்தில் அடங்கியுள்ளது.

இனி வாவியைக் கவனிப்போம். ஆண்டின் நடுப்பகுதியில் கச்சான் மேற்கிலிருந்து வீசும். அப்பொழுது படுவான்கரை ஓரம் அமைதியாயிருக்க, எழுவான்கரையை நெருங்க நெருங்க அலை பெருகும். கரையோரமாக வடக்குத் தெற்காக ஓடும் போட்டியில் மேற்குத் தடம் கிடைத்தவனுக்கு அது பாதி வெற்றி. எனவே, காற்றெழுமுன் காலையிலேயே ஓட்டத்தை நடத்துவதும், திருவுளச்சீட்டால் தடம் வகுப்பதும், இரண்டாம் சுற்றிலே தடம் மாற்றுவதும் நீதியாகும். ஆழம் குறைந்த இடத்திலே படகு எழுப்பும் அலை அதனையே பின்னிழுக்கும். ஆகையால் கரையை ஒட்டிச் சேற்றின்மேல் ஓடுபவன் நிழலைப் பெற்று விரைவை இழப்பான். சுக்கான் பிடிப்பவரின் அறிவு இங்கே சோதிக்கப்படும்.

நடத்துவோரின் அறிவுக்கும் சோதனை உண்டு. 1912ஆம் ஆண்டு தேம்சு நதியிலே ஒக்சுபோட், கேம்பிரிட்சு பல்கலைக்கழகப் படகுகள் இரண்டுமே கடும் காற்றில் மூழ்கின. புகழ்பெற்ற வல்லுநர்க்கே அந்நிலையாயின், நம் பிள்ளைகளை மிதவைச் சட்டையின்றியும் காவற் படகின்றியும் இறக்குதல் வீரமன்று. காற்று மிகுந்தால் ஓட்டத்தை ஒத்திவைக்கும் துணிவு நடுவருக்கு வேண்டும். அதனை ஏற்கும் பொறுமை கரையிலுள்ளோர்க்கு வேண்டும்.

கொம்புமுறி விளையாட்டிலே ஊரை வடசேரி, தென்சேரி எனப் பிரித்து மோதி, பின் ஒன்றாகக் கூடிய மரபு மட்டக்களப்பாருக்கு உண்டு. அதே மனப்பாங்கு வாவிக்கும் பொருந்தும். ஒலிம்பிக்கிலே 1976 முதல் பெண்களும் தண்டு வலிக்கின்றனர். நம் ஊர்களிலும் மகளிர் அணிகளுக்கு இடமளித்தல் வேண்டும். வெற்றிக் கோப்பையைப் பெறுபவர் ஓரணியினரே. எனினும், சுழியின் இடைவெளியை அளந்து, தாளத்தைச் செவியால் நிறுத்து, தோற்ற அணியின் நல்ல வலிப்பையும் பாராட்டத் தெரிந்த கூட்டம் கரையில் நிற்குமானால், பாலத்தின் கீழும் தோணி ஓடிக்கொண்டிருக்கும்.