உறங்காத காவலனுக்கு இடும் கட்டளைகள்

கடையிலோ வீட்டிலோ திருட்டு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பொருத்திவிட்டால் கவலை தீர்ந்தது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் கருவியைச் சுவரில் மாட்டுவது பாதி வேலைதான். எந்தக் கதவு திறந்தால் எத்தனை விநாடி பொறுப்பது, எப்போது சங்கை முழக்குவது, மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்ற கட்டளைகளை அதற்குள் பதிப்பதே மறுபாதி. இக்கட்டளைகள் பிழையாக அமைந்தால், கருவி திருடனை விட்டுவிட்டு உரிமையாளரை உள்ளே பூட்டிவைக்கவும் கூடும்! இவற்றை எப்படித் தீர்மானிப்பது என்பதை இங்கே காண்போம்.

அறுந்த கம்பியும் பேச வேண்டும்

அமெரிக்காவில் பாஸ்டனை அடுத்த சோமர்வில் ஊரைச் சேர்ந்த அகஸ்டஸ் போப் என்பவர் 1853-ஆம் ஆண்டில் மின்சாரத் திருட்டு மணிக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வுரிமையை எட்வின் ஹோம்ஸ் என்பவர் 1857-இல் வாங்கி, அதைத் தொழிலாக வளர்த்தார். போப் அமைத்த முறை எளியது. கதவு திறந்தால் மின்சுற்று மூடப்படும். மின்காந்தம் இயங்கி மணி அடிக்கும். ஆனால் இத்தகைய சுற்றில் ஒரு குறை உண்டு. திருடன் கம்பியை முன்கூட்டியே வெட்டிவிட்டால் மணி அடிக்காது. கம்பி அறுந்ததும் ஒன்றுதான், கதவு மூடியிருப்பதும் ஒன்றுதான்!

இதற்கு மாற்று, மூடிய சுற்று. இதில் கதவு மூடியிருக்கும்போது மின்னோட்டம் இடைவிடாது ஓடிக்கொண்டிருக்கும். கதவு திறந்தாலும், கம்பி அறுந்தாலும் ஓட்டம் நின்றுவிடும். நின்றவுடன் கருவி விழித்துக்கொள்ளும். ஆனால் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் மூடிய சுற்றும் ஏமாந்துபோகும். எனவே இன்றைய கருவிகளில் கம்பியின் கடைசியில், கதவருகே ஒரு மின்தடையும், கதவிலுள்ள காந்தத் தொடுவிக்கு இணையாக மற்றொரு மின்தடையும் பொருத்துகின்றனர். ஒவ்வொன்றும் 5,600 ஓம் என்று கொள்வோம். கதவு மூடியிருந்தால் இரண்டாவது மின்தடைக்கு வேலை இல்லை. கட்டுப்பாட்டுப் பெட்டி 5,600 ஓம் எனக் காணும். கதவு திறந்தால் 11,200 ஓம். கம்பிகள் ஒன்றையொன்று தொட்டால் ஏறத்தாழச் சுழி. கம்பி அறுந்தால் அளவிட முடியாத தடை. இவ்வாறு இரண்டே கம்பிகள் நான்கு செய்திகளைச் சொல்கின்றன.

வேலை எளிதாக முடியட்டும் என்று சிலர் மின்தடைகளைப் பெட்டிக்குள்ளேயே இணைத்துவிடுவதுண்டு. கருவி வேலை செய்வதுபோலவே தோன்றும். ஆனால் பெட்டிக்கும் கதவுக்கும் இடையே கம்பிகளை இணைத்துவிட்டால் அது தெரியாமலே போய்விடும்.

எண்பலகையில் செய்யும் ஏற்பாடுகள்

மனிதன் கருவியோடு பேசும் இடம் எண்பலகை. நான்கு இலக்கச் சங்கேத எண்ணில் மொத்தம் 10,000 வகைகள் உண்டு. ஒருவன் 5 விநாடிக்கு ஓர் எண்ணாக அழுத்திப் பார்த்தால், எல்லாவற்றையும் முடிக்க ஏறத்தாழ 14 மணி நேரம் ஆகும். 5 முறை தவறினால் 10 நிமிடம் எண்பலகை பூட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு கட்டளையைப் பதித்துப் பாருங்கள். அதே வேலைக்கு 14 நாட்களுக்கு மேல் ஆகிவிடும்!

ஆனால் ஒரே எண்ணை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தினால் அந்த நான்கு விசைகள் மட்டும் தேய்ந்து பளபளக்கும். அந்த நான்கையும் வரிசை மாற்றி அழுத்த 24 வழிகளே உள்ளன. பூட்டும் ஏற்பாடு இல்லையேல் 2 நிமிடத்தில் முடிந்துவிடும். எனவே எண்ணை அவ்வப்போது மாற்றுவது அறிவுடைமை. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே கருவியில் பதிந்திருக்கும் எண் அதன் கையேட்டில் அச்சாகியிருக்கும். உரிமையாளருக்கு ஒன்று, பொருத்துபவருக்கு ஒன்று என அவை இரு வகை. உரிமையாளரின் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விடுவது, முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

வாசல் கதவுக்குக் காலக்கெடு தேவை. உரிமையாளர் உள்ளே நுழைந்து எண்ணை அழுத்த, எடுத்துக்காட்டாக, 30 விநாடி தரலாம். சன்னலுக்கு அத்தகைய கெடு தேவையில்லை. சன்னல் வழியே வருபவர் உரிமையாளராக இருக்கமாட்டார் அல்லவா? புகை உணர்வியோ இரவு பகல் எந்நேரமும் விழித்திருக்க வேண்டும்.

கத்தி முனையில் மிரட்டி எண்ணை அழுத்தச் சொன்னால் என்ன செய்வது? இதற்காகவே பல கருவிகளில் தனியாக ஓர் எண்ணைப் பதிக்கலாம். அதை அழுத்தினால் கருவி வழக்கம்போல் அடங்கும். ஆனால் ஓசையின்றித் தொலைவிலுள்ள கண்காணிப்பு நிலையத்துக்குச் செய்தி அனுப்பிவிடும். வழக்கமான எண்ணின் கடைசி இலக்கத்தை ஒன்று கூட்டி இதை அமைப்பது நன்றன்று. கை தவறி அழுத்தினால் வீண் கலவரம் நேரும்.

வெளியீடுகள் செய்யும் வேலை

உணர்விகள் கருவியின் கண்கள் என்றால், வெளியீடுகள் அதன் கைகள். சங்கு, விளக்கு, மின்பூட்டு ஆகியவற்றை இயக்குபவை இவையே. பல கருவிகளில் நிரலுக்கு உட்பட்ட வெளியீடு என்பது ஒரு சிறு டிரான்சிஸ்டர்தான். அது பெரும்பாலும் 50 மில்லி ஆம்பியர் அளவுக்கே மின்னோட்டம் தாங்கும். ஆகவே பெரிய விளக்கை நேரே அதில் இணைக்காமல் ரிலே என்னும் மின்காந்த விசை மாற்றியை இடையே வைக்கின்றனர். ரிலேயின் சுருளில் ஓட்டம் நிற்கும்போது எதிர்த்திசையில் உயர் மின்னழுத்தம் எழும். டிரான்சிஸ்டரை அதிலிருந்து காக்க, சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோடு தேவை.

வெளியீட்டுக்கு இடும் கட்டளைகள் நான்கு வகைப்படும். நிகழ்ச்சி நீடிக்கும்வரை இயங்கு என்பது ஒன்று. மனிதன் வந்து விடுவிக்கும்வரை இயங்கு என்பது இரண்டாவது. குறித்த காலம் மட்டும் இயங்கு என்பது மூன்றாவது. எப்போதும் இயங்கிக்கொண்டிரு, நிகழ்ச்சி நேரும்போது மட்டும் நில் என்பது நான்காவது.

சங்குக்கு ஏற்றது மூன்றாவது வகை. இரவு முழுதும் அலறும் சங்கை அண்டை வீட்டார் வெறுப்பர்; அடுத்த முறை அது முழங்கினால் எட்டிப் பார்க்கவும் மாட்டார். பிரிட்டனில் 1980-களின் தொடக்கத்திலேயே வெளிச்சங்கு 20 நிமிடத்தில் தானாக அடங்க வேண்டும் என்ற நடைமுறை நெறி வகுக்கப்பட்டது.

நான்காவது வகை உயிரோடு தொடர்புடையது. காந்தப் பூட்டு மின்சாரம் இருக்கும்வரை கதவைப் பற்றியிருக்கும். மின்சாரம் நின்றால் விட்டுவிடும். தீ நேர்ந்தால் மக்கள் வெளியேற இதுவே பாதுகாப்பானது. மாறாக, மின்சாரம் வந்தால்தான் திறக்கும் பூட்டை வெளியேறும் கதவில் பொருத்திவிட்டு, தீயின்போது திறந்துவிடு என்று கருவிக்குச் சொல்லிவைத்தால் என்ன ஆகும்? அத்தீயே கம்பியை எரித்துவிட்டால் திறக்கும் கட்டளை பூட்டைச் சென்றடையாது. கதவருகே, நிரலை நம்பாமல் பூட்டின் மின்னோட்டத்தை நேரே துண்டிக்கும் ஒரு பொத்தானும் இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே.

இப்பாதுகாப்புக்கு ஒரு விலையும் உண்டு. கருவிக்கு 0.2 ஆம்பியர் தேவை எனக் கொண்டால், 7 ஆம்பியர்-மணி மின்கலம் கணக்குப்படி 35 மணி நேரம் தாங்கும். 0.5 ஆம்பியர் இழுக்கும் காந்தப் பூட்டையும் அதிலேயே சேர்த்தால் 10 மணி நேரமே தாங்கும். நடைமுறையில் இன்னும் குறையும். எனவே பூட்டுக்குத் தனி மின்வழங்கி வைப்பது நல்லது.

மூன்று கேள்விகள்

கட்டளைகளைப் பதிக்குமுன் ஒவ்வொரு கதவுக்கும், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் மூன்று கேள்விகளைத் தாளில் எழுதி விடை காண வேண்டும். கம்பி அறுந்தால் என்ன ஆகும்? மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? மனிதன் மறந்தால், அல்லது மிரட்டப்பட்டால் என்ன ஆகும்? பின்னர் மாதம் ஒருமுறை, கண்காணிப்பு நிலையத்துக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டு, மின் இணைப்பைத் துண்டித்தும் கதவுகளைத் திறந்தும் அந்த விடைகள் மெய்தானா என்று சோதிக்க வேண்டும்.

எல்லாம் ஒழுங்காக இயங்கும் நாளில் எந்தக் கருவியும் நல்ல கருவிதான். ஏதேனும் ஒன்று பழுதாகும் நாளில் அது என்ன செய்கிறது என்பதே அதற்கு நாம் இட்ட கட்டளைகளின் உரைகல்.